பச்சை மையில் பன்னிரண்டு பெயர்

இன்னும் பிறக்காத என் அருமை மகனுக்கும், அவனுக்கு முன்னால் இதைப் படித்துவிடப் போகும் கல்லூரிப் பெருமக்களுக்கும் ஒரு முக்கியச் செய்தியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தருமபுரி மாவட்ட வரலாற்றைத் திருத்தி எழுத வைக்கும் சம்பவம் ஒன்று இன்று காலை பென்னாகரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தேறியது. எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பதினான்காம் எண் ஜெர்சி ஒன்றரைப் பாக்கெட் ஷாம்பூவில் ஊறவைக்கப்பட்டு, கசக்கப்பட்டு, அலசப்பட்டு, கொடியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டது. துவைத்தவர் உன் தந்தை. அணிபவரும் உன் தந்தை. அதை அணிந்து அவர் களத்தில் ஆடிய மொத்த நேரம் சுழியம் நிமிடம், சுழியம் நொடி. உன் பாட்டி, அதாவது என் அம்மா, கீழேயிருந்து கேட்டார்: "ஏன்டா, வேர்வையே படாத சட்டைய எதுக்குடா வாரா வாரம் தொவைக்கற?" வரலாற்று நாயகர்களுக்கு வீட்டில் மரியாதை இருப்பதில்லை.

உனக்குக் குழப்பமாக இருக்கும். எனக்குப் பதினெட்டு முடிந்து ஏழு மாதம் ஆகிறது. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, பாவம், நிம்மதியாக எங்கேயோ படித்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் எதற்கு இந்தக் கடிதம் என்றால், எங்கள் தமிழம்மா ஆண்டு மலருக்காக எல்லோருடைய பெற்றோரிடமிருந்தும் 'மகனுக்கு ஒரு கடிதம்' வாங்கிவரச் சொன்னார். நான் என் அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் குட்டியானை வண்டியில் தக்காளிப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "பாலக்கோடு மார்க்கெட்டுக்கு லோடு இருக்குதுடா. மகனுக்குத்தான, நீயே எழுதிக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பா பேச்சை நான் தட்டியதே இல்லை. எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அப்பா எதற்கெடுத்தாலும் "உன் வயசுல நான்" என்று ஆரம்பிப்பார். உன் வயசுல நான் கபடியில மூணு பேரை இடுப்புல தொங்கவுட்டுக்கிட்டே கோட்டைத் தொட்டேன் என்பார். அம்மா அடுப்படியிலிருந்து, "கோட்டத் தொட்டது இவருதான். தொங்கவுட்டுத் தூக்கிட்டுப் போனது அவனுங்க மூணு பேரு. ஆசுபத்திரிக்கு" என்பார். அன்று முடிவு செய்தேன். நீ கல்லூரிக்குப் பெட்டி கட்டும் வயதில் நானும் இப்படி அளப்பேன். அப்போது எனக்குத் தொப்பையும் மறதியும் வந்திருக்கும். எனவே உன் வயதில் நான் என்ன செய்தேன் என்பதை உன் வயதிலேயே எழுதி வைத்துவிட்டால், பின்னால் நானே நினைத்தாலும் உன்னை ஏமாற்ற முடியாது. இதில் உள்ளதெல்லாம் சூடு ஆறாத உண்மை. கொஞ்சம் பெருமை கலந்திருக்கலாம். அது உடம்போடு வந்தது.

முதலில் உன் அப்பனின் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். சேலம் வட்டாரக் கல்லூரிகளில் கூடைப்பந்தை என்னைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவன் கிடையாது. 'பார்க்க' என்ற சொல்லைக் கவனி. ஆடுவது வேறு ஆட்கள் வேலை. விடிகாலையில் அப்பாவோடு லோடு ஏற்றப் போகும்போது வண்டியில் உட்கார்ந்து போனில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்ப்பேன். அங்கே ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு நாலு கோச். பந்து போடச் சொல்லித்தர ஒருத்தர், தடுக்கச் சொல்லித்தர ஒருத்தர், படம் போட்டுக் காட்ட ஒருத்தர், பையன் அழுதால் முதுகைத் தட்ட ஒருத்தர். எங்களுக்கு மொத்தமாக ஒரே ஒரு பி.டி. சார். கூடைப்பந்தும் அவர்தான், கபடியும் அவர்தான், கல்லூரி விழாவுக்கு நாற்காலி எண்ணுவதும் அவர்தான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுவார். அதில் பதினைந்து "ம்".

நான் வாராவாரம் எங்கள் வாட்ஸப் குழுவில் 'ஆய்வறிக்கை' வெளியிடுவேன். படித்துவிட்டு மூன்றாமாண்டு அண்ணன்களே வந்து கை கொடுப்பார்கள். என் கருத்துகள் சுருக்கமாக இவை: பி.டி. சாருக்கு ஒரே தடுப்பு முறைதான் தெரியும். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், எதிரில் யார் வந்தாலும் இதே கோலம். ஆள் மாற்றுவது என்றால் களத்தில் ஒருத்தன் மயங்கி விழ வேண்டும். வெறுமனே உட்கார்ந்தால்கூட விசில்தான். பாலக்கோட்டு இரட்டையர் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் இறக்குகிறார். யாருக்குப் பந்து போடுகிறோம் என்று எதிரணி குழம்புகிறதோ இல்லையோ நம் அணி குழம்புகிறது. கேப்டன் இம்ரான், தருமபுரி டவுனில் மெத்தைக்கடைக்காரர் மகன், ஐந்தரை அடி உயரத்தில் பந்தைத் தரையோடு ஒட்டித் தட்டிக்கொண்டு போவதில் கெட்டிக்காரன். ஆனால் அவன் கண்ணுக்கு ஒரே ஒருத்தன்தான் தெரிவான். அந்த ஒருத்தன் மாதேஷ்.

மாதேஷைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியூர் பக்கத்துப் பையன். ஆறடி மூன்றங்குலம். வகுப்பறைக்குள் வரும்போது நிலைப்படிக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வருவான். வளையத்துக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் பந்து வேறு வழியில்லாமல் அவனிடம் வந்து சேரும். ஆனால் ஃப்ரீ த்ரோ, அதாவது தப்பாட்டம் ஆடியதற்குப் பரிகாரமாகத் தனியாக நின்று போடச் சொல்லும் பந்து, அதைப் போட அவனுக்கு வராது. யாரும் தடுக்காதபோதுதான் அவனுக்குக் கை நடுங்கும். இதைத் தெரிந்துகொண்ட எதிரணிகள் அவனை வேண்டுமென்றே இடிக்க ஆரம்பித்தன. 'மாதேஷை முதல் பாதியில் உட்கார வைத்து, எதிரணி களைத்த பிறகு இரண்டாம் பாதியில் இறக்குங்கள்' என்று மூன்று அறிக்கைகளில் எழுதினேன். மாதேஷே படித்துவிட்டு, "சரியாத்தான்டா எழுதியிருக்கற" என்றான். அவனோடு சண்டை போடுவதே கஷ்டம். அவன் அப்பா பெங்களூரில் கட்டடச் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே படிப்பை நிறுத்தி இவனையும் கூட்டிப்போக இருந்தார். பி.டி. சார்தான் வீட்டுக்குப் போய்ப் பேசினார். "டீமுல இருக்கற வரைக்கும் படிக்கட்டுங்க. இல்லைன்னா என்கூட வந்துரணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை அடிக்கோடிட்டுக்கொள்.

பி.டி. சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அறிவிப்புப் பலகையில் அணிப் பட்டியல் ஒட்டுவார். பன்னிரண்டு பெயர், பச்சை மையில், அவர் கைப்பட. கீழே கையெழுத்து. பெயர் இல்லாதவன் ஏன் என்று கேட்கக் கூடாது. ஜெர்சியைத் துவைத்து, காயவைத்து, மடித்து, அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வைத்தவனை அவரும் ஏன் என்று கேட்க மாட்டார். இரண்டு பக்கமும் வாயைத் திறக்காமலேயே எல்லாம் முடிந்துவிடும். இது ஒழுக்கம் என்று கல்லூரியே மெச்சிக்கொண்டிருந்தது.

வட்டாரப் போட்டியின் முதல் ஆட்டம் ஒரு வியாழக்கிழமை. புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. பச்சை மை. சாரின் கொக்கி போட்ட 'ர', சாரின் வயிறு பெருத்த 'மு', சாரின் பாம்பு நெளிந்த கையெழுத்து, எல்லாம் அச்சு அசல். எழுதியது உன் அப்பன். என் பஸ் பாஸ் விண்ணப்பத்தில் அவர் போட்ட கையெழுத்தை வைத்து இரண்டு வாரம் பழகியிருந்தேன். பதினோரு பெயர் வழக்கமானவை. மாதேஷ் பெயர் இல்லை. பன்னிரண்டாவதாக என் பெயர். கூட்டம் கூடியது. என் பெயரைப் படித்ததும் சிரித்தார்கள் பார், இம்ரான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் எந்தப் பெயர் இல்லை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. "இவனா? இவன் பந்து போட்டா பந்துக்கே சிரிப்பு வரும்டா" என்றான். இருபதே நிமிடம். சார் வருவதற்குள் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டேன். குறும்பில் இது ஒரு கலைப்படைப்பு என்று அன்றைக்கு நினைத்தேன். மகனே, நீ எதை வேண்டுமானாலும் கையில் எடு, பச்சை மைப் பேனாவை மட்டும் எடுக்காதே.

அந்த இருபது நிமிடத்தில் மாதேஷ் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே அவனுக்குப் பலகை தெரியும், அவ்வளவு உயரம். தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறான். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. முந்தின ஆட்டத்தில் நாலு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டவன் அவன். சிரிப்பு தன்னைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டான். விடுதிக்குப் போய் ஜெர்சியைத் துவைத்தான். தருமபுரி வெயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும். மடித்துக் கொண்டுவந்து, சார் மைதானத்தில் இருந்தபோது மேசைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மூன்றரை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

நாலு மணிக்கு சார் உண்மையான பட்டியலோடு வந்தார். அதில் மாதேஷ் பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வயிற்றில் காகிதம் இன்னும் செரிக்கவில்லை. சார் கூட்டத்தைத் துழாவி என்னைப் பார்த்தார். "நீதான அறிக்கை எழுதற பையன்?" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். "ஒரு ஆள் குறையுது. காலைல ஆறு மணிக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டு, பட்டியலின் கடைசியில் என் பெயரை எழுதினார். பச்சை மையில். நான் எழுதியதைவிட அவர் எழுத்து கொஞ்சம் சுமாராகத்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சுற்றி நாற்பது பேர். "தேங்க்ஸ் சார்" என்று வந்தது.

வியாழக்கிழமை மாதேஷின் பதினான்காம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி வரை வந்தது. ஒரு பக்கம் தண்ணீர்க் கேன், மறுபக்கம் பி.டி. சார். எழுந்து ஓட இடமில்லை. ஆட்டம் நெருக்கமாகப் போயிற்று. வளையத்துக்குக் கீழே ஆள் இல்லாமல் இம்ரான் பந்தை வைத்துக்கொண்டு பழக்க தோஷத்தில் மாதேஷ் நிற்கிற இடத்துக்கே வீசினான். அங்கே யாருமில்லை, பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. ஒரே பாயிண்டில் எப்படியோ ஜெயித்தோம். அதற்கு முன், இடைவேளையில் சார் என் பக்கம் திரும்பாமலே, "உன் அறிக்கை எல்லாம் படிச்சிருக்கறன்" என்றார். நான் தண்ணீர்க் கேன் மூடியைத் திறந்து மூடினேன். "ஆள் மாத்தறதப் பத்தி எழுதினது சரி. இரட்டையரப் பத்தி எழுதினதும் சரி" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்த நீளமான பேச்சு அதுதான். அடுத்த பாதியில் இரட்டையரில் ஒருத்தனை உட்கார வைத்தார். நான் சொன்னபடி! இதற்காக எவ்வளவு நாள் ஏங்கியிருந்தேன் தெரியுமா? அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. ஜெர்சியில் ஷாம்பூ வாசனை அடித்தது. அவன் துவைத்த வாசனை.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சார் என்னைக் கூப்பிட்டு அடுத்த எதிரணியைப் பற்றிக் கேட்டார். சனிக்கிழமை பயிற்சியில் எனக்கென்று ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. நல்லவர் ஒருவர் உன்னைத் தப்பாக நம்பிவிட்டால், அதைவிட இறுக்கமான பூட்டு வேறில்லை மகனே. பூட்டியது நீ, உள்ளே இருப்பதும் நீ, சாவி எங்கே என்றும் உனக்குத் தெரியும், கைதான் நீளாது.

சனிக்கிழமை சாயங்காலம் இம்ரான் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மாதேஷுக்கு இப்பத்தான் போன் போட்டன். ஏன்டா போனன்னு கேட்டா, லிஸ்ட்ல பேரு இல்லடா, நானே பாத்தன், பச்ச மை, சார் கையெழுத்துங்கறான். எந்த லிஸ்டுடா அது?"

"எனக்கென்னடா தெரியும்?"

"மூஞ்சியப் பாரு. வாய்ல போட்டு மென்னியே, அந்த லிஸ்டா?"

நான் பேசாமல் நின்று அவன் பார்த்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை; அதிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"நாளைக்கு சாயங்காலம் அவங்கப்பா அவனக் கூட்டிக்கிட்டு பெங்களூரு பஸ் ஏறறாரு. இன்னும் ஒரு நாள்தான்டா இருக்குது. மத்தியானத்துக்குள்ள நீயா சார்கிட்ட சொல்றியா, நான் போயி சொல்லட்டா?"

ஆக, நான் தைரியசாலியாகத்தான் போய்ச் சொன்னேன்; பின்னால் இம்ரான் தள்ளினான் என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து தருமபுரியில் சார் வீட்டுக்குப் போனேன். அவர் லுங்கியோடு வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். பாதிச் சொல்லும்போதே துணியைக் கீழே வைத்தார். முழுதும் கேட்டுவிட்டு "ம்" என்றார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். உள்ளே போய்ப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்து, "ஏறு" என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வரை ஒரு சொல் இல்லை. அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இறங்கவும் முடியாது, சாய்ந்துகொள்ளவும் முடியாது, பிடித்துக்கொள்ளவும் பயம். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் அப்பா டீக்கடையில் நின்றிருந்தார். பையனை பி.டி. சார் தன் வண்டியிலேயே கூட்டிப்போகிறாரே என்ற பெருமையில் டீ டம்ளரைத் தூக்கி ஆட்டினார். நானும் கையாட்டினேன். பையில் மாட்டிய கோழி மாதிரி இருந்தது எனக்கு. ஏரியூர் தாண்டும்போதுதான் சார் பேசினார்: "கையெழுத்து எத்தன நாள் பழகின?" "ரெண்டு வாரமுங்க சார்." "ம்."

மாதேஷ் வீடு ஷீட் போட்ட வீடு, குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி. வாசலில் ஒரு காலி பெயிண்ட் வாளி இருந்தது. அதற்குள் இரண்டு போர்வை, இரண்டு தட்டு, ஒரு டம்ளர். பெங்களூரு கிளம்புகிறவர்களின் சூட்கேஸ் அதுதான். மாதேஷ் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான், கூரை இடித்தது. அவன் அம்மா, அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், "ஊட்டா ஆய்த்தா சார்?", சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே தட்டு எடுக்கப் போனார். அப்பா கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். நீங்க சொன்னீங்கன்னுதான் படிக்க வுட்டன். இப்ப நீங்களே வேணாம்னுட்டீங்க. பரவால்லைங்க, உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. அவனுக்கு அங்க ஆள் சொல்லி வெச்சிட்டன்."

"நான் வேணாம்னு சொல்லலைங்க" என்றார் சார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார்.

சொன்னேன். என் நாக்கு இவ்வளவு மெதுவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. மாதேஷ் இரண்டே கேள்வி கேட்டான்.

"அந்த லிஸ்ட நீயா எழுதின?"

"ஆமாடா."

"கையெழுத்துகூடவா?"

"அதுவுந்தான்டா."

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. அவன் அப்பா என்மேல் பாயவில்லை. மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏன்டா, ஒரு காயிதத்தப் பாத்துட்டு மூட்டையக் கட்டிட்டு வந்துட்டியே, சார்கிட்ட ஒரு வார்த்த ஏன்னு கேட்டியாடா?"

"கேக்கக் கூடாதுப்பா" என்றான் மாதேஷ். "அதான் வழக்கம்."

"அப்பிடியாங்க சார்?"

சார் எப்போதும் கழற்றாத தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை அன்றுதான் வெயிலில் பார்த்தேன், அவருக்கும் வயசாகியிருந்தது. "ஆமாங்க" என்றார். "நான் வெச்ச வழக்கந்தான். கேட்டா பதில் சொல்லணும் பாருங்க. ஒரு பையன் மூஞ்சியப் பாத்து நீ பத்தலைன்னு சொல்றதுக்கு எனக்கு எப்பவும் வராது. அதுக்குப் பயந்துதான் அப்பிடி வெச்சேன். இவன் சட்டைய மேசைமேல பாத்தன்னிக்கி நானும் ஏன்னு கேட்டிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்குதுங்க." பிறகு மாதேஷிடம், "இனிமே கேளு" என்றார். மகனே, நான் நாற்பது அறிக்கை எழுதியிருக்கிறேன். எங்கள் அணியின் உண்மையான ஓட்டை எது என்று அவற்றில் ஒன்றில்கூட எழுதவில்லை. அது இரண்டு-மூன்று தடுப்பு அல்ல, ஆள் மாற்றம் அல்ல, ஃப்ரீ த்ரோ அல்ல. கேட்கக் கூடாது என்று பன்னிரண்டு பேரும், சொல்ல வராது என்று ஒருத்தரும் ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அதைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் கட்டடம் கட்டுகிறவர், ஒரு ஆட்டமும் பார்த்திராதவர்.

மாதேஷின் அப்பா குனிந்து, பெயிண்ட் வாளியிலிருந்து ஒரு போர்வையையும் ஒரு தட்டையும் எடுத்து வெளியே வைத்தார். மற்றது வாளியிலேயே இருந்தது. அவ்வளவுதான். மாதேஷின் அம்மா அந்தத் தட்டிலேயே எனக்குக் களி போட்டார். மாதேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்கையால் இடித்து, "வெளாட்டுக்குத்தானடா பண்ணின? வுடு" என்றான். "ஆமாடா, வெளாட்டுக்குத்தான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் மாதேஷ் புது எண்ணில் இறங்கினான், நான் எழுதியபடியே இரண்டாம் பாதியில். ஜெயித்தோம். ஃப்ரீ த்ரோ இரண்டில் ஒன்று உள்ளே போனது. அவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். எனக்குத் தண்டனை என்னவென்றால், பதினான்காம் எண் என்னிடமே இருக்கும். சீசன் முழுக்க ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துவைத்த ஜெர்சியோடு பதின்மூன்றாவது ஆளாக வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். இறக்க மாட்டார். போகவும் விட மாட்டார். "பட்டியல்ல பேரு வேணும்னு நீதான எழுதிக்கிட்ட? இரு" என்றார். இருக்கிறேன். வீட்டில் அப்பா டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார், பையன் டீமில் இருக்கிறான் என்று. அதையும் மறுக்க முடியவில்லை.

இங்கேயே முடித்தால் கடிதம் நன்றாக இருக்கும். குறும்புக்காரப் பையன், தப்பு செய்தான், ஒத்துக்கொண்டான், அணி ஜெயித்தது. உனக்கு ஐம்பது தடவை இப்படித்தான் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் சூடு ஆறாத உண்மை என்று மேலே எழுதித் தொலைத்துவிட்டேன்.

போன வருடம் முதலாமாண்டு சேர்ந்த புதிதில் அணித் தேர்வு நடந்தது. நான் போனேன். ஆமாம், ஆடுவது வேறு ஆட்கள் வேலை என்று எழுதிய இதே ஆள். இரண்டு மாதம் தக்காளி மார்க்கெட் சுவரில் வட்டம் வரைந்து, யாருக்கும் தெரியாமல் பயிற்சி எடுத்துவிட்டுப் போனேன். பத்து வீச்சு கொடுத்தார்கள். ஒன்பது வளையத்தைத் தொடவில்லை. பத்தாவது சாரின் பைக் கண்ணாடியைத் தொட்டது. பந்து தெறித்து உருண்டு ஓடி, விடுதி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த ஒரு நெட்டைப் பையன் காலில் போய் நின்றது. அவன் பந்தை எடுத்து, எங்கே போட வேண்டும் என்று சுற்றிப் பார்த்து, ஒரு கையால் தூக்கிப் போட்டான். உள்ளே விழுந்தது. சார் அவனைப் பார்த்தார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. நான் வரிசையில் நின்றுகொண்டே இருந்தேன், என் முறை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாததால். மறுநாள் முதல் அறிக்கை எழுத ஆரம்பித்தேன்.

அந்தப் புதன்கிழமை பட்டியலில் பதினோரு பெயர் எழுதிய பிறகு இடம் போதாமல் மாதேஷ் விடுபடவில்லை. எந்தப் பெயரை விடுவது என்று நான் சீட்டுக் குலுக்கவும் இல்லை. முதலில் முடிவு செய்தது அந்தப் பெயரைத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழுதியது. அவன் அப்பாவின் நிபந்தனை தெரிந்துதான் எழுதினேன். போய்விடுவான் என்று நினைக்கவில்லை. ஒரே ஒரு நாள், அவன் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயர் இருந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உடனே நானும் சிரித்து, அதை விளையாட்டாக்கிக்கொண்டேன். அவன் என்னை மன்னித்தது அந்த விளையாட்டுக்காக. மற்றதைப் பற்றி அவனுக்குத் தெரியாது. தெரியாததை எப்படி மன்னிப்பான்?

ஆண்டு மலர் விழாவன்று வரும். மாதேஷ் அட்டை முதல் அட்டை வரை படிக்கிற ரகம். அதற்குள் நானே நேரில் சொல்லிவிட வேண்டும். நேற்றுப் பயிற்சியில் அவன் வேர்த்துப்போய் வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "டேய் மாதேஷ்" என்றேன். "என்னடா?" என்றான். "ஒண்ணுமில்லடா. தண்ணி வேணுமா?" என்றேன்.